காசநோய்க் கிருமி செல்லுக்குள் எப்படிப் போகிறது? அந்த வாசலை அடைத்துவிட முடியாதா?

கேட்டவரின் அம்மாவுக்கு நுரையீரல் காசநோய். "கிருமி செல்லுக்குள்ள போய் ஒளிஞ்சுக்கும், அதனாலதான் ஆறு மாசம் மாத்திரை" என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். கிருமி நம் செல்லை எதைக் கொண்டு பிடிக்கிறது, எப்படித் துளைத்து உள்ளே போகிறது, ஒட்டும் இடத்தையே அடைத்துவிட்டால் இத்தனை மாத்திரை தேவையில்லையே என்று கேட்கிறார். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. நுழைவது எப்படி என்பது ஒன்று. நுழைவைத் தடுத்தால் நோய் நின்றுவிடுமா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு ஓரளவு உறுதியாகவே பதில் சொல்லலாம். இரண்டாவதற்கு விடை பலரும் எதிர்பார்ப்பதுபோல் இல்லை.

மருத்துவக் கல்லூரி நுண்ணுயிரியல் துறையில் இருபத்தாறு ஆண்டுகள் இருந்தவன் நான். அதில் பெரும்பகுதி சளி ஸ்லைடுகளையும் தொழுநோயாளிகளின் தோல் ஸ்லைடுகளையும் பார்த்தே கழிந்தது. மூலக்கூறு அளவிலான சோதனைகளை நான் கையால் செய்தவனில்லை. அவற்றைப் படித்து மாணவர்களுக்கு நடத்தியிருக்கிறேன். நான் சொல்வதை அந்த எல்லைக்குள் வைத்துப் படியுங்கள்.

முதலில் 'துளைத்து' என்ற சொல்லைத் திருத்திக்கொள்வோம். சால்மொனெல்லா, ஷிகெல்லா போன்ற வயிற்றுக் கிருமிகள் குடல் செல்லுக்குள் தம் புரதங்களை ஊசி போடுவதுபோல் ஏற்றி, விழுங்கும் வழக்கமே இல்லாத அந்தச் செல்லைத் தம்மை விழுங்க வைக்கின்றன. அதைப் படையெடுப்பு என்றே சொல்லலாம். காசநோய்க் கிருமிக்கு நுரையீரலில் அந்தப் பாடு கிடையாது. அதற்கு நகரக்கூடத் தெரியாது. இருமலில் வந்த துளி காற்றில் உலர்ந்து சில மைக்ரான் அளவுக்குச் சுருங்கி, இன்னொருவர் மூச்சோடு காற்றுப்பையின் அடிவரை போய் இறங்குகிறது. அங்கே காவலுக்கு இருப்பவை மேக்ரோபேஜ் என்னும் பெருவிழுங்கிச் செல்கள். தூசியானாலும் புகைக்கரியானாலும் கிருமியானாலும் வந்ததை விழுங்குவதுதான் அவற்றின் வேலை. ஆகவே நடப்பது என்னவென்றால், கிருமி நுழைவதில்லை, விழுங்கப்படுகிறது. விழுங்கப்படுவதற்கு வசதியாகத் தன்னை ஆக்கிவைத்திருக்கிறது என்பதே அதன் சாமர்த்தியம்.

அந்த வசதி அதன் மேலுறையில் இருக்கிறது. சளி ஸ்லைடில் கார்பால் ஃபுக்சின் என்ற சிவப்புச் சாயத்தை ஊற்றி, ஆவி வரும்வரை சூடு காட்டி, பிறகு 25 சதவீதக் கந்தக அமிலத்தில் கழுவுவோம். மற்ற பெரும்பாலான பாக்டீரியாக்கள் சாயத்தை விட்டுவிடும், இது விடாது. மெத்திலீன் புளூவின் நீலப் பின்னணியில் சிவப்புக் குச்சியாக நிற்கும். சாயத்தைப் பிடித்துவைப்பது மைக்கோலிக் அமிலம் என்ற நீண்ட கொழுப்பு அமிலங்களால் ஆன மெழுகுச் சுவர். அந்தச் சுவருக்கும் வெளியே இன்னும் சில கொழுப்புகளும், கொழுப்போடு கோத்த சர்க்கரைச் சங்கிலிகளும் உண்டு. நம் செல்லின் கை முதலில் படுவது இவற்றின்மேல்தான்.

மேக்ரோபேஜின் மேற்பரப்பில் ஏற்பிகள் எனப்படும் புரதங்கள் பல வகை. வெவ்வேறு பொருளைப் பிடிக்க வெவ்வேறு கை என்று வைத்துக்கொள்ளுங்கள். காசநோய்க் கிருமியைப் பிடிக்கும் கைகளில் இரண்டு நன்றாக ஆராயப்பட்டவை. ஒன்று காம்ப்ளிமென்ட் ஏற்பி. நம் இரத்தத்தில் இருக்கும் சி3 என்ற புரதம் அந்நியப் பொருளின்மேல் ஒட்டி, 'இதை விழுங்கு' என்று முத்திரை குத்தும். அந்த முத்திரையை மேக்ரோபேஜ் அடையாளம் கண்டு பிடித்துக்கொள்ளும். காசநோய்க் கிருமி மனித வெள்ளணுவுக்குள் போக இந்த வழியைப் பயன்படுத்துகிறது என்பது 1990-இல் தெளிவானது. நோய் உண்டாக்கும் மைக்கோபாக்டீரியா இந்த முத்திரைக்காகக் காத்திருப்பதுமில்லை. நம்முடைய சி2ஏ என்ற புரதத் துண்டைத் தன்மேல் ஒட்டிக்கொண்டு, சி3-ஐ வெட்டும் நொதியைத் தானே அமைத்துக்கொள்கிறது என்று 1997-இல் காட்டினார்கள். காவலரின் முத்திரைக்கட்டையை எடுத்துத் தன் நெற்றியில் தானே குத்திக்கொள்வதற்குச் சமம் இது. இரண்டாவது கை மேனோஸ் ஏற்பி. கிருமியின் மேலுறையில் நீட்டிக்கொண்டிருக்கும் லைப்போஅரபினோமேனன் என்ற சங்கிலியின் நுனியில் மேனோஸ் சர்க்கரை தொப்பிபோல் மாட்டியிருக்கும். அதைத்தான் இந்த ஏற்பி பிடிக்கிறது. ஆய்வகங்களில் எச்37ஆர்வி என்று நோய் தரும் வகை ஒன்றும், அதே மூலத்திலிருந்து பிரிந்து வீரியமிழந்த எச்37ஆர்ஏ என்ற வகையும் உண்டு. மேனோஸ் ஏற்பி வழியாக உள்ளே போவது வீரியமுள்ள வகைதான் என்பது 1993-இல் வந்த முடிவு. இவற்றுக்கு மேல் நுரையீரலின் சர்பாக்டன்ட் புரதம் வழியாகவும், ஸ்கேவஞ்சர் ஏற்பிகள் வழியாகவும், டென்ட்ரைட்டிக் செல்கள் என்ற வேறு வகைக் காவல் செல்களில் டிசி-சைன் என்ற ஏற்பி வழியாகவும் அது போகும். செல்லின் சவ்விலுள்ள கொலஸ்ட்ராலை எடுத்துவிட்டால் மேக்ரோபேஜ் மைக்கோபாக்டீரியாவை விழுங்குவது வெகுவாகக் குறைகிறது என்றும் 2000-இல் கண்டார்கள். (இதைப் படித்துவிட்டு அம்மாவின் சாப்பாட்டில் எண்ணெயையும் முட்டையையும் குறைத்துவிடாதீர்கள். அது செல்லின் சவ்வைப் பற்றியது, தட்டைப் பற்றியது இல்லை. காசநோயில் உடம்பு கரையும், நன்றாகச் சாப்பிட வேண்டும்.)

இதுவரை சொன்னவை பல ஆய்வகங்களில் திரும்பத் திரும்பப் பார்க்கப்பட்டவை. இனி உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். வாசல் தெரிந்துவிட்டது, அடைத்துவிடலாமா? காம்ப்ளிமென்ட் ஏற்பிகளில் மூன்றாவது வகையே இல்லாத எலிகளை உருவாக்கிக் காசநோய்க் கிருமியைக் கொடுத்துப் பார்த்தார்கள். கிருமி ஒட்டுவது ஓரளவு குறைந்தது. நோயின் போக்கில் குறிப்பிடும்படி மாற்றமில்லை. மேனோஸ் ஏற்பி இல்லாத எலிகளிலும் ஏறக்குறைய இதே கதைதான். நான் இதை வகுப்பில் சொல்லும்போது மாணவர்கள் முகம் வாடிவிடும். ஆனால் யோசித்தால் இதில் வியப்பில்லை. எட்டு வாசல் உள்ள வீட்டில் ஒன்றைப் பூட்டினால் வருகிறவன் அடுத்ததில் வருவான். எட்டையும் பூட்டினால் மேக்ரோபேஜ் எதையும் விழுங்க முடியாமல் போய், நிமோனியா கிருமி உட்பட எல்லாவற்றுக்கும் நுரையீரலைத் திறந்துவிட்டதாகும். எலியும் மனிதனும் ஒன்றில்லை என்பதும், பிறவியிலேயே ஓர் ஏற்பி இல்லாத எலியின் உடல் வேறு ஏற்பியால் அதை ஈடுகட்டியிருக்கலாம் என்பதும் இந்தச் சோதனைகளின் குறை. ஆனாலும் ஒற்றை வாசலை நம்பி மருந்து செய்ய முடியாது என்ற மட்டில் எனக்குச் சந்தேகமில்லை.

இதைவிட ஆழமான கேள்வி ஒன்று இருக்கிறது. எந்த வாசலில் போனது என்பது, உள்ளே எந்த அறையில் கொண்டுபோய் விடப்படும் என்பதை முடிவு செய்கிறதா? விழுங்கிய பொருளை மேக்ரோபேஜ் முதலில் ஒரு பையில் வைக்கும். அதற்குப் பாகோசோம் என்று பெயர். அமிலமும் செரிக்கும் நொதிகளும் நிறைந்த லைசோசோம் என்ற பை அதனோடு வந்து கலந்தால் உள்ளே இருப்பது கரையும். 1971-இல் ஆம்ஸ்ட்ராங், டார்சி ஹார்ட் என்ற இருவர் லண்டனில் மின்னணு நுண்ணோக்கியின் கீழ் இதைப் பார்த்தார்கள். இறந்த கிருமி இருந்த பைகளோடு லைசோசோம் கலந்தது. உயிருள்ள கிருமி இருந்த பைகளில் பெரும்பாலானவற்றோடு கலக்கவில்லை. 1975-இல் அவர்களே அடுத்த படி போனார்கள். உயிருள்ள கிருமியை எதிர்ப்புப்பொருள் கலந்த சீரத்தில் நனைத்துக் கொடுத்தபோது, அதாவது வேறொரு கையால் பிடிக்க வைத்தபோது, லைசோசோம் வந்து கலந்துவிட்டது. வாசலை மாற்றினால் அறை மாறும் என்பதற்கு இதைவிட நேரான சாட்சி கிடையாது. ஆனால் அதே கட்டுரையில் இன்னொரு வரியும் உண்டு, அதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அப்படிக் கலந்த பிறகும் கிருமி சாகவில்லை, பெருகியது. அறை மாறியும் ஆள் பிழைத்துக்கொண்டான். பல பத்தாண்டுகள் கழித்து, 2016-இல், கிருமி உடலில் இருந்தும் நோயாகாதவர்களின் எதிர்ப்புப்பொருள் நோயாளிகளின் எதிர்ப்புப்பொருளைவிட நன்றாக லைசோசோமைக் கலக்க வைத்து, மேக்ரோபேஜுக்குள் கிருமியைக் குறைக்கவும் செய்தது என்று ஓர் ஆய்வு வந்தது. ஆக இந்த வழக்கு இன்னும் முடியவில்லை. அவர்கள் நோயாகாமல் இருப்பதற்கு அந்த எதிர்ப்புப்பொருள் காரணமா, நோயில்லாததால் அது அப்படி இருக்கிறதா என்று ஒருவராலும் இன்னும் அறுதியிட முடியவில்லை.

உள்ளே போனபின் அது என்ன செய்கிறது என்பதில் சந்தேகம் குறைவு. தான் இருக்கும் பையை முதிரவிடாமல் இளம்பருவத்திலேயே நிறுத்திவைக்கிறது. பை முதிர்வதற்கு அதன் சவ்வில் தோன்ற வேண்டிய ஒரு கொழுப்புச் சைகையைத் தன் மேனோஸ் சங்கிலியாலும், தான் சுரக்கும் நொதியாலும் அழிக்கிறது. அமிலம் ஏற்றும் பம்பு அந்தப் பைக்குப் போதுமான அளவு வந்துசேருவதில்லை. அதனால் பிஎச் (குறையக் குறைய அமிலம் கூடுதல்) 5-க்குக் கீழே போக வேண்டிய இடம் 6.4-ஐ ஒட்டி நின்றுவிடுகிறது. பிறகு இ.எஸ்.எக்ஸ்-1 என்ற சுரப்பு அமைப்பின் துணையோடு பையின் சவ்வையே சேதப்படுத்துகிறது. பி.சி.ஜி. தடுப்பூசியில் இருக்கும் கிருமி சாதுவாக இருப்பதற்கு முக்கியக் காரணம் இதுதான். அந்தத் தடுப்பூசியை உருவாக்கிய கால்மெட்டும் குரேனும் 13 ஆண்டுகள், 230 முறை மாற்றி மாற்றி வளர்த்ததில், அந்த அமைப்புக்கான மரபணுத் துண்டை அது இழந்துவிட்டது. உள்ளே நுழைவதில் பி.சி.ஜி.க்குக் குறை ஒன்றுமில்லை, மேக்ரோபேஜ் அதையும் விழுங்கும். இரண்டும் வேறுபடுவது உள்ளே போனபிறகு நடப்பதில். உங்கள் இரண்டாவது கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் என்னிடம் இல்லை.

எல்லா மேக்ரோபேஜும் ஒன்றில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வரிக்குதிரை மீன் குஞ்சுகளில், காசநோய்க் கிருமியின் நெருங்கிய உறவான மைக்கோபாக்டீரியம் மரைனத்தை வைத்து லலிதா ராமகிருஷ்ணனின் குழு 2014-இல் ஒன்றைக் காட்டியது. கிருமியின் வெளிக் கொழுப்பு ஒன்று, கொல்லும் தயார்நிலையில் உள்ள மேக்ரோபேஜ்களுக்குத் தன்னைத் தெரியாமல் திரை போடுகிறது. இன்னொரு கொழுப்பு, கொல்லத் தயாராக இல்லாத மேக்ரோபேஜ்களை அழைத்து வருகிறது. தன்னை விழுங்கப்போகிறவரை அது தேர்ந்தெடுக்கிறது என்று பொருள். காசநோய் மூக்கிலும் தொண்டையிலும் பிடிக்காமல், நுண்ணிய துளிகளாக நுரையீரலின் அடி ஆழத்துக்குப் போனால்தான் பிடிக்கிறது என்பதற்கும் அவர்கள் இதையே விளக்கமாக முன்வைத்தார்கள். மேற்பாதையில் எந்நேரமும் வேறு கிருமிகள் இருப்பதால் அங்கே உஷாரான காவலர்கள் கூடியிருப்பார்கள், அடியில் அப்படியில்லை. அழகான விளக்கம். மீனுக்கு நுரையீரல் இல்லை என்பதால் அந்தக் கடைசிப் பகுதியை அனுமானம் என்றே மாணவர்களுக்குச் சொல்வேன்.

சரி, விழுங்கும் தொழில் இல்லாத செல்களுக்குள் இந்தக் கிருமி போவதே இல்லையா? போகிறது. அங்கேதான் நீங்கள் கேட்ட 'ஒட்டுதல்' உண்மையாகவே முக்கியமாகிறது. காசநோய்க் கிருமியின் மேல் எச்.பி.எச்.ஏ. என்ற புரதம் உண்டு. நம் செல்களின் வெளியே இருக்கும் ஹெப்பரான் வகைச் சர்க்கரைகளை அது பிடித்துக்கொள்ளும். பிரான்ஸின் லில் நகர ஆய்வாளர்கள் அந்தப் புரதம் இல்லாத கிருமியை எலியின் மூக்கு வழியாகக் கொடுத்து 2001-இல் வெளியிட்ட முடிவு எனக்கு மிகப் பிடித்தது. நுரையீரலில் அது வழக்கம்போல் குடியேறியது. மண்ணீரலுக்கு மட்டும் சரியாகப் பரவவில்லை. மேக்ரோபேஜுக்குள் போக இந்தப் பிடி தேவையில்லை. நுரையீரலைத் தாண்டி உடலில் பரவத் தேவைப்படுகிறது. மூளை உறை, எலும்பு, நிணநீர்க்கட்டி என்று காசநோய் போகும் இடங்களை நினைத்துப் பாருங்கள். பி.சி.ஜி. ஒட்டுவதை மருத்துவமும் பயன்படுத்திக்கொள்கிறது. சிறுநீர்ப்பைப் புற்றுநோயின் தொடக்க நிலையில் பி.சி.ஜி.யைக் குழாய் வழியாகச் சிறுநீர்ப்பைக்குள் விடுவார்கள், 1976-இலிருந்து இருக்கும் சிகிச்சை அது. அங்கே கிருமி ஃபைப்ரோநெக்டின் என்ற புரதத்தைப் பிடித்துக்கொண்டு சுவரில் தங்குகிறது.

இணையத்தில் தேடினால் 'எம்.சி.இ.' என்ற பெயரும் வரும், 'பாலூட்டிச் செல்லுக்குள் நுழையும் மரபணு' என்று. 1993-இல் காசநோய்க் கிருமியின் ஒரு மரபணுத் துண்டை ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவில் வைத்தபோது, அந்தச் சாதுவான ஈ.கோலை மனிதச் செல்களுக்குள் போனது. பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. பின்னால் பார்த்தால் அந்தக் குடும்பத்துப் புரதங்களின் முக்கிய வேலை கொழுப்பு இறக்குமதி. நான்காவது எம்.சி.இ. தொகுதி நம் செல்லின் கொலஸ்ட்ராலைக் கிருமிக்கு உணவாக உள்ளே இழுக்கிறது என்று 2008-இல் நிறுவினார்கள். நுழைவிலும் அவற்றுக்குச் சிறு பங்கு இருக்கலாம். ஆனால் பெயரை நம்பி 'இதுதான் சாவி' என்று எழுதும் கட்டுரைகளை ஒதுக்கிவிடுங்கள்.

சாவி, பூட்டு என்ற உவமை உண்மையில் பொருந்துவது தொழுநோய்க் கிருமிக்கு. நீங்கள் அதைக் கேட்கவில்லை, ஆனாலும் இந்தக் குடும்பத்தில் ஒட்டுதலை அதை விடத் துல்லியமாகச் சொல்லித்தரும் கிருமி இல்லை. ஹான்சன் 1873-இல் நார்வேயில் கண்ட இந்தக் கிருமியை இன்றுவரை செயற்கை ஊடகத்தில் வளர்க்க முடியவில்லை. எலியின் பாதத்திலும் அர்மடில்லோ என்ற விலங்கிலும் வளர்க்கிறார்கள். ஒன்று இரண்டாக ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். தோல் ஸ்லைடில் இதைப் பார்க்கும்போது மேக்ரோபேஜுக்குள் பீடிக்கட்டுபோல் அடுக்கிக்கிடக்கும். ஆனால் இதற்கு மேக்ரோபேஜ் மட்டும் போதாது, நரம்பு வேண்டும். புற நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் ஷ்வான் செல்லுக்குள் குடியேறும் வேறு பாக்டீரியாவை நான் என் வேலையில் கண்டதில்லை.

ஏன் நரம்பு என்பதற்கு நியூயார்க்கில் ராம்புக்கனாவும் அவர் கூட்டாளிகளும் 1997 முதல் விடை சேர்த்தார்கள். ஷ்வான் செல்லைச் சுற்றி லாமினின்-2 என்ற புரதத்தால் ஆன ஒரு விரிப்பு உண்டு. கிருமி முதலில் அந்த விரிப்பைப் பிடிக்கிறது. விரிப்போ ஏற்கெனவே செல்லின் மேலுள்ள டிஸ்ட்ரோகிளைக்கன் என்ற ஏற்பியோடு கட்டப்பட்டிருக்கிறது. ஆக விரிப்பைப் பிடித்தவன் வீட்டுக்குள் போகிறான். 2000-இல் கிருமியின் பக்கத்துச் சாவியும் தெரிந்தது. பி.ஜி.எல்-1 என்ற கொழுப்பின் நுனியில் இருக்கும் மூன்று சர்க்கரைகளின் கோவை அது. அந்தக் கோவை தொழுநோய்க் கிருமிக்கே உரியது. இந்த லாமினின் புற நரம்பின் விரிப்பில் இருப்பதும், தொழுநோயாளியின் முழங்கையில் உல்னார் நரம்பு கயிறுபோல் தடித்து நம் விரலுக்குத் தட்டுப்படுவதும் ஒரே கதையின் இரு முனைகள் என்று உணர்ந்த நாளில் எனக்கு உண்மையிலேயே புல்லரித்தது. 2001-இல் முழுமையாகப் படிக்கப்பட்ட தொழுநோய்க் கிருமியின் மரபணுத் தொகுதி எந்த வகையுடையது தெரியுமா? டி.என். என்று அதற்குப் பெயர், தமிழ்நாட்டில் ஒரு நோயாளியிடமிருந்து எடுக்கப்பட்டது என்பதால். காசநோய்க் கிருமிக்குச் சுமார் 4,000 மரபணுக்கள். இதற்கு வேலை செய்பவை சுமார் 1,600, சிதைந்துபோனவை 1,100-க்கு மேல். அத்தனையை இழந்தும் அந்தச் சர்க்கரைக் கோவையை மட்டும் விடாமல் வைத்திருக்கிறது.

இங்கேயும் ஒரு 'ஆனால்' உண்டு. 2017-இல் மீன் குஞ்சுகளில் செய்த சோதனையில், தொழுநோய்க் கிருமியை விழுங்கிய மேக்ரோபேஜ்கள் பி.ஜி.எல்-1-இன் தூண்டலால் நைட்ரிக் ஆக்சைடைச் சுரந்து, அதுவே நரம்பைக் கெடுத்தது. கிருமி ஷ்வான் செல்லுக்குள் போகும் வழி சரிதான், ஆனால் நரம்பு சேதம் அங்கிருந்துதான் தொடங்குகிறதா, மேக்ரோபேஜிலிருந்தா என்பது பேச்சில் இருக்கிறது. மனிதரில் இரண்டும் நடக்கலாம் என்பது என் எண்ணம். நோய் எதிர்ப்பாற்றலின் கொந்தளிப்பும் நரம்பைக் கெடுக்கிறது என்பதைத் தொழுநோய் வார்டில் வேலை பார்த்த எல்லோரும் அறிவார்கள்.

இப்போது அம்மாவின் மாத்திரைகள். கிருமி செல்லுக்குள் இருப்பதால் மருந்து எட்டாது என்று நீங்கள் எண்ணியிருந்தால், எட்டும். ஐசோனியாசிடும் ரிஃபாம்பிசினும் மேக்ரோபேஜின் சவ்வைத் தாண்டி உள்ளே போகின்றன. முதல் இரண்டு மாதம் கொடுக்கும் பைராசினமைடு அமிலச் சூழலில்தான் நன்றாக வேலை செய்யும். ஆறு மாதம் ஆவதற்கு ஒளிந்திருப்பது ஒரு பகுதிக் காரணம். பெரிய காரணம், ஒரு பகுதிக் கிருமிகள் பெருகாமல் உறங்கிக்கிடப்பது. பெரும்பாலான மருந்துகள் பெருகும் கிருமியைத்தான் எளிதில் கொல்லும். இரண்டாம் மாதத்தில் இருமல் நின்று உடம்பு தேறியதும், உறங்குபவை மிச்சமிருக்கையில் மாத்திரையை நிறுத்துவதுதான் நான் ஸ்லைடில் மறுபடி மறுபடி பார்த்த துயரம். அம்மாவை நிறுத்த விடாதீர்கள். கண் மஞ்சளானாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, பார்வை மங்கினாலோ அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள், நீங்களாக மாத்திரையைக் குறைக்காதீர்கள். ஒரே வீட்டில் இருப்பதால் நீங்களும், குழந்தைகள் இருந்தால் அவர்களும் அரசு மருத்துவமனையில் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், கட்டணம் கிடையாது. மூச்சோடு உங்கள் காற்றுப்பைக்குள்ளும் அந்தத் துளி போயிருக்கக்கூடும். போயிருந்தால் நோயாகும் முன்பே தடுக்க மருந்து இருக்கிறது.